மரம் சாய்ந்த பக்கம்

இரண்டு கயிறுகளும் விறைத்தன.

அவள் தன் குடிசை வாசலில் நின்று பார்த்தாள்.

புயலில் வேர் கிளம்பிய தூங்குமூஞ்சி மரம். அதற்கு மேற்கே கலியபெருமாளின் மாடி வீடு. அவருடைய ஆட்கள் நாலு பேர் கிழக்கே சாலைப் பக்கம் இழுத்தார்கள். வடக்கே வைரக்கண்ணுவின் வீடு. அவருடைய ஆட்கள் நாலு பேர் தெற்கே குளத்துப் பக்கம் இழுத்தார்கள்.

ஒரு சுவர்த் தகராறில் இருவருக்கும் ஏழு வருடமாகப் பேச்சில்லை.

சாலைக்கும் குளத்துக்கும் நடுவில் அவள் குடிசை.

கல்யாணத்துக்கு முன் அவள் கரைவலை இழுத்தவள். இரண்டு கோஷ்டி இரண்டு பக்கம் நின்று இழுக்கும். மீன் சேர்ந்த வலை மடி ஆளே நிற்காத நடுவில் வந்து கரையேறும்.

ஓடினாள்.

"எல்லாரும் ஒரே கயித்தப் புடிச்சு இழுங்கண்ணே. ரோட்டுல விழுந்தாலும் சரி, குளத்துல விழுந்தாலும் சரி."

கலியபெருமாள் திரும்பிப் பார்த்தார்.

"உன் வீட்டுப் பக்கமா யாரும்மா இழுக்குறா?"

யாரும் இழுக்கவில்லை. அது உண்மைதான்.

வைரக்கண்ணு காதில் விழாததுபோல் நின்றார். "ம், விடாத, இழு" என்று தன் ஆட்களை முடுக்கினார்.

மரம் முனகியது.

அவள் குடிசைக்குள் பாய்ந்தாள். அரிசி டப்பாவை வெளியே எறிந்தாள். துணி மூட்டையை எறிந்தாள். தையல் மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். தனியாக இழுத்தாள். நிலைப்படி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"யாராச்சும் ஒரு கை புடிங்களேன்!"

எட்டுப் பேரின் கைகளும் கயிற்றில் இருந்தன.

சடசடவென்று வேர் அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள்.

புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கலியபெருமாள் தன் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வைரக்கண்ணு வீட்டு ஓடு ஒன்றுகூட நகரவில்லை. ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் அவளைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

கிளைகளுக்கு அடியில் குடிசையும் மெஷினும் இருந்த இடமே தெரியவில்லை.

மதியம் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பேனாவைத் திறந்தார்.

"யாரு தள்ளுனது? ஆளக் காட்டும்மா. புகார் எழுதணும்ல?"

அவள் கையை நீட்டினாள்.

கலியபெருமாள் தன் வாசலில் நின்றார். வைரக்கண்ணு தன் வாசலில் நின்றார்.

கை முதலில் இந்தப் பக்கம் போயிற்று. பிறகு அந்தப் பக்கம்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

அங்கே மரம் இருந்த குழிதான் இருந்தது.

அவர் பேனாவை மூடினார்.