புதன்கிழமை ஜெபமாலை

ஈப்போ மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், சுண்ணாம்புக் குன்றைத் தாண்டி வந்த வெயில் பவுலினாவின் கட்டிலில் ஏறிவிட்டது. பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவளுடைய இடது கைக்குள் ஜெபமாலையின் ஒரு நுனியைக் கொடுத்து, மறுநுனியைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் கணவர் சூசைநாதன். அவர்கள் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஜெபமாலையை முன்னால் நின்று சொல்பவள் அவள்தான். இவர் பின்வரிசையில் பதில் சொல்லியே பழகியவர். துக்கம், மகிமை என்று கிழமைக்கு ஏற்ப மாறும் தேவ ரகசியங்கள் இவருக்கு எப்போதும் குழப்பம். இங்கே வந்ததிலிருந்து தினமும் துக்கம்தான் வாயில் வருகிறது. இன்றும் தொடங்குகிறார். "துக்க தேவ ரகசியம். முதலாவது..." மாலை விறைக்கிறது. அவள் இழுக்கிறாள். கண்கள் அவரை முறைக்கின்றன. உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்து, தொண்டைக்குள் ஏதோ உருள்கிறது. "பு..." குவளையில் மைலோ ஆறிக்கொண்டிருக்கிறது. "பு... புதன்லா!" ஸ்டூல் சாய, சூசைநாதன் துள்ளி எழுகிறார். "மிஸி! மிஸி! எம் பொண்டாட்டி பேசிட்டா! ஓடி வாங்க!" மருந்து வண்டியை விட்டுவிட்டுத் தாதி ஓடி வருகிறாள். பக்கத்துக் கட்டில் சீன அம்மா கைதட்டுகிறாள். பவுலினாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மாலையை மறுபடி வெடுக்கென்று இழுக்கிறாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வார்டே கேட்கும்படி, புதனுக்குரியதைத் தொடங்குகிறார். "மகிமை தேவ ரகசியம். முதலாவது, இயேசு உயிர்த்தெழுந்தது."