பகலில் ஒரு ராக்காவல்

"நாற்காலியைத் தூக்கிட்டுப் போறவன் எல்லாம் திருடன் இல்லம்மா. அந்த ஊர்ல வேண்டாத சாமானை வாசல்ல வச்சிடுவாங்க, வேணுங்கிறவன் எடுத்துக்குவான். இதுக்குப் போயி போலீஸைக் கூப்பிடுவியா?"

சூப்பர்வைசர் சத்தம் போட, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேர்ந்து மூன்று வாரத்தில் இது மூன்றாவது தப்பு அலாரம். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு 'அலாரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பட்டப்பேர் வைக்க மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உட்கார்ந்த இடத்தில் வேலை. இங்கே காலை பதினோரு மணி வெயில் கொளுத்தும்போது, கடல் தாண்டி இருக்கும் அந்த ஊரில் இரவு இரண்டு. அங்கே கடைக்காரர்கள் குறட்டை விட, அவர்களுடைய கடைத்தெருவை இங்கிருந்து கேமராவில் காவல் காக்க வேண்டும். இரண்டு வருஷம் நாயாய் அலைந்து கிடைத்த பகல் வேலை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு போய்ச் சேரலாம். இதை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

"முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடணுமாம்."

"அந்த ஊரே பிடிபட மாட்டேங்குது சார். பக்கத்து வீட்டுக்காரரே எதிர்ல வந்தாலும் நின்னு ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாங்க."

"அதைப் புரிஞ்சுக்கத்தானே சம்பளம்?"

அன்றிலிருந்து அந்தத் தெருவை, அதன் பகல் நேரப் பதிவுகளையும் சேர்த்து, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள், சீருடை போட்ட ஒருவர் திரையில் தெரிந்தார். கையில் கருவிப்பெட்டி, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தைப் பாதி மறைத்த தொப்பி. தெருவைத் தாண்டி வந்து மருந்துக்கடை ஷட்டரைச் சாவி போட்டே திறந்தார்.

"ரிப்பேர்க்காரர் போல. விடு" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார், திருடன்." அவள் விரல் அலாரம் பட்டன் மேல் இருந்தது.

"சாவி போட்டுத்தானேம்மா திறக்கறாரு?"

"தெருவுல ஈ காக்கா இல்ல. ஆனா சிக்னல்ல சிவப்பு. அந்த ஊர்ல குடிச்சிட்டுத் தள்ளாடறவன்கூட பச்சை விழற வரைக்கும் நிப்பான் சார். இவரு வராத வண்டிக்குக் கையைக் காட்டிக்கிட்டே குடுகுடுன்னு தாண்டிட்டாரு. அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்பேரா? அஞ்சு மணி ஆச்சுன்னா ஆணியைப் பாதியில விட்டுட்டுப் போறவங்க சார் அவங்க."

"வேலை போயிடும்மா."

அவள் அழுத்திவிட்டாள்.

நாலே நிமிஷத்தில் போலீஸ் வந்தது. அந்த ஆள் கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ சொல்லிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. எடுத்த சூப்பர்வைசர் விருட்டென்று எழுந்து நின்றார். "சார்... ஆமா சார்... அந்தப் பொண்ணுதான் சார்."

அவள், இத்தோடு முடிந்தது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போனை வைத்தவர் அவளையே பார்த்தார். "பையைக் கீழ வைம்மா. உன் வேலை நிரந்தரமாயிடுச்சு. இனிமே புதுசா வர்றவங்களுக்கு அந்த ஊரைப் பத்தி நீதான் சொல்லிக்கொடுக்கணுமாம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அவன் திருடன்தானா சார்?"

"நம்ம முதலாளிம்மா. இங்க நாம முழிச்சிருக்கோமா தூங்கறோமான்னு பார்க்க, கடைக்காரர்கிட்ட சாவியை வாங்கிக்கிட்டு அவரே போயிருக்காரு."