பாகு வாசனை

மகளுக்குக் காதுகுத்து. புறவாசலில் அதிரசத்துக்கு வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. தோளில் துவண்டு கிடந்த குழந்தையின் காதை முகர்ந்தாள் செண்பகம், ஈரத் துணியை முகர்ந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. வீடே பாகாக மணத்தது.

அத்தை மகனைக் கட்டியதில் இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு இறங்கிய வியாதி. பருப்பும் பாலும் உடம்பில் விஷமாகும், அப்போது மூத்திரத்திலும் காதழுக்கிலும் பாகு மணக்கும், மணத்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடிவா என்றிருந்தார் டாக்டர்.

"நேத்து யாரு இவளுக்குப் பருப்புச் சோறு ஊட்டினது?"

"ஊரே திங்குத பருப்பு இவள மட்டும் என்னட்டி செய்யும்?" என்றாள் அத்தை. "ஒறக்கக் கலக்கம். பேசாம மாமன் மடியில உக்கார வை."

"மொதல்ல அடுப்ப அணைங்க!"

"நல்ல நாளும் அதுவுமா கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு?"

செண்பகமே ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கொட்டினாள். பாகுச் சட்டியைத் தெருவுக்கு அனுப்பினாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். சொந்தபந்தம் வாயில் கைவைத்து நின்றது. புகை கலைந்தது, வெல்ல வாசனையும் மெல்ல வடிந்தது.

மகளின் காதருகே மூக்கைக் கொண்டுபோனாள். அங்கே மட்டும் பாகு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.