அப்பன் பெயர்

காந்திமதி நர்ஸ் அப்பன் பெயர் இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூடப் பிறப்புப் பதிவேட்டில் ஏற்றியதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

"கொழந்தைக்கு அப்பன் பேரு இன்னா?"

நேற்றுப் பிள்ளை பெற்ற சுகப்பிரியா முகத்தைப் பிள்ளை பக்கம் திருப்பிக்கொண்டாள். கல்யாணம் ஆகாதவள், திருநெல்வேலியிலிருந்து ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்கு வந்த பெண்.

"ஏமாத்திட்டுப் போனவனை நீ ஏன்டி காப்பாத்திகினு கீற? பேரச் சொல்லு. அவன் வூட்டுக்கே போய் சட்டையப் புடிச்சி இழுத்தாந்து, உன் கழுத்துல தாலி கட்ட வெக்கிறேன்."

"நெசமாவா சொல்லுதீய?"

"என் புள்ள மேல சத்தியம்!"

சுகப்பிரியா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்க லைன் சூப்பர்வைசர்தான். உங்க மவன் அஸ்வின், அத்தை."

காந்திமதி சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து, அப்பன் பெயருக்கான கட்டத்தில் 'தெரியவில்லை' என்று நிதானமாக எழுதினாள்.

பிறகு, அடுத்த கட்டிலில் இருப்பவளுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"இன்னா பொண்ணுங்களோ! அப்பன் யாருன்னே இவளுக்குத் தெரியலையாம்."