மொட்டைமாடிக்கு மட்டும் டிக் இல்லை

ஜெபா, கணவன் செல்வின், அவளுடைய அப்பா என்று மூன்றே பேர் இருந்த அந்த வீடு, எங்கே யார் என்ன பேசினாலும் பதிந்துகொள்ளும். போன் செயலியில் டிக் அடித்த இடங்களின் பதிவுகளை மட்டும் வீட்டில் எல்லோரும் தேடிப் பார்க்கலாம். வாசல், ஹால், சமையலறை என எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. மொட்டைமாடிக்கு மட்டும் செல்வின் அதை எடுத்துவிட்டிருந்தான்.

அதை ஜெபா பார்த்துவிட்டாள். உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"மாடி டிக்கை ஏன் எடுத்தீங்க? யார்கிட்ட பேசுறீங்க அங்க?"

"அதத் தொடாத ஜெபா. சாயங்காலம் வந்து சொல்றேன்."

சொல்ல வாய் வராதவன் சாயங்காலம் மட்டும் சொல்லிவிடுவானாக்கும்! டிக் அடித்து, அவன் பெயரைப் போட்டுத் தேடினாள். ஒன்றும் இல்லை. பதிவு முழுக்க ஜெபாவின் சொந்தக் குரல்தான் இருந்தது. துணி எடுக்கும் சாக்கில் தினமும் மாடிக்குப் போய், அப்பா தலைமுழுகிவிட்ட தங்கை ரூபியோடு போனில் பேசியதெல்லாம் வரி விடாமல் இருந்தது.

பதறிப்போய் டிக்கை எடுக்கப் போனாள். அதற்குள் வீடு எல்லோருக்கும் அறிவித்துவிட்டது: "மொட்டைமாடிப் பதிவையும் இனி தேடலாம்."

"மாடில அப்படி என்னம்மா இருக்கு?" என்றபடி ஹாலில் அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.