ரெண்டே ரெண்டு மீன்

“வெளியே வாய்யா, தொட்டிக்காரா!”

வண்ண மீன் கடை வாசலில் மீனவர் சங்கமே திரண்டு நின்றது. முன்னால் தலைவர். அவர் கையில் கிழிந்த வலை. வலைக்குள் கறுப்பாக, முள்ளும் ஓடுமாக, முழங்கை நீளத்துக்கு ஒரு மீன்.

கடைக்காரர் வெளியே வந்தார். கண்ணாடித் தொட்டியில் மீன் விற்பவர் என்பதால் ஊரில் அவர் பெயரே தொட்டிக்காரர்தான்.

“இது என்னன்னு தெரியுதா?”

“டேங்க் கிளீனருங்க. தொட்டியில பாசியைத் தின்னும்.”

“தொட்டியில பாசியைத் தின்னும். ஏரியில எங்க சோத்துல மண்ணைப் போடும்!”

தலைவர் மீனை உருவித் தரையில் வீசினார். ‘டக்’கென்று சத்தம் வந்ததே தவிர, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கெண்டை போடுற முட்டையை எல்லாம் மேய்ஞ்சுடுது. கரையைக் குடைஞ்சு குடைஞ்சு இது முட்டை வைக்குது. இதைத் தின்னு குறைக்க ஒரு உயிர் வேணாமா? நாரை ஒண்ணு முழுங்கப் பார்த்துத் தொண்டையில முள்ளு மாட்டிச் செத்துக் கிடக்குது. எந்தப் பக்கம் வலை போட்டாலும் இதுதான்யா!”

“என் புள்ளைங்க ரெண்டு பேரும் கட்டட வேலைக்குப் போயிட்டானுங்க,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“இது நம்ம ஏரி மீனே இல்லையாம்,” என்றார் தலைவர். “ எவனோ ஒரு புண்ணியவான் ஒரு ஜோடியை விட்டிருக்கான்னு அதிகாரி சொல்றாரு. இந்த ரகத்தை உன்கிட்ட வாங்கினது என் வீட்டுல மட்டும்தான். அதை வளர்த்த மக கல்யாணமாகிப் போனதும் என் சம்சாரம் ரெண்டையும் உன் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டா. நீ என்னய்யா பண்ணினே?”

தொட்டிக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் தலைவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏரியில விட்டுட்டேன்.”

அப்புறம் கேட்கவா வேண்டும்? கைக்கு அகப்பட்ட கல்லும் கட்டையும் பறந்தன. ஒரு தொட்டி மிச்சமில்லை. ஏரியைத் தொலைத்தவர்களுக்கு வேறு எதை உடைப்பது என்று தெரியவில்லை, பாவம்.

“நாளைக்கு உன்னை இந்த ஊர்ல பார்க்கக் கூடாது!” தலைவர் காறித் துப்பிவிட்டு நடந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

அவர் மனைவி மட்டும் போகவில்லை. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வண்ண மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேருமாக அவற்றைப் பொறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை.

“ஏரியில விட்டது நான்தானே அண்ணே? எதுக்கு உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“வீட்டுக்குப் போங்கம்மா.”

“கடையில குடுத்துட்டேன்னு அவர்கிட்டப் பொய் சொன்னதும் நான்தான். இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

“சொன்னா? ஏரி திரும்பி வந்துடுமா? உங்க வீடும் உடையும், அவ்வளவுதான்.”

அவர் அழ ஆரம்பித்தார்.

“அழாதீங்கம்மா. அன்னைக்கு வாளியோட இங்கதான் வந்து நின்னீங்க. ‘தொட்டிக்குள்ள அடங்கலண்ணே, நீங்களே வச்சுக்கங்க’ன்னீங்க. இவ்ளோ வளர்ந்ததை யாரு வாங்குவான்னு நான்தான் வேணாம்னுட்டேன். கொல்ல உங்களுக்கும் மனசு வரல, எனக்கும் வரல. ‘ஏரியில விட்டுடுங்கம்மா, பாவம், பொழச்சுக்கும்’னு சொன்னது யாரு?”

வாசலில், தலைவர் வீசிய அந்த மீன் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தொட்டிக்காரர் அதையே பார்த்தார்.

“பொழச்சுக்கிச்சும்மா.”