எத்தனை நடை?

“கொஞ்சம் நடந்து காட்டும்மா” என்றாள் வந்திருந்த அக்கா.

பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. சமைக்கத் தெரியுமா, எதுவரை படித்தாய் என்றெல்லாம் கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். கதவிலிருந்து சுவர் வரை நடந்து திரும்பினாள். வீடே அவ்வளவுதான்.

“நல்ல நடை. முதுகு வளையல” என்று பக்கத்திலிருந்த மாப்பிள்ளையிடம் சொன்னாள் அக்கா. அவன் தலையாட்டினான். வந்ததிலிருந்து அவன் தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வயது கொஞ்சம் கூடத்தான், காதோரம் நரைத்திருந்தது. ஆனால் இந்த ஊரில் இளவட்டம் என்று யார் மிச்சம்? மழை பொய்த்த வருஷங்களை எண்ணுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கட்டட வேலைக்கென்று நகரத்துக்குப் போன அப்பா கொஞ்ச காலம் போனில் பேசினார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

வாசலில் நுழையும்போதே தரகர் அறிமுகம் செய்துவிட்டார். “இவருதான் மாப்பிள்ளை. இவங்களை நீ அக்கான்னு கூப்பிடு. அந்த வீட்டுல இவங்க வச்சதுதான் சட்டம்.”

நாத்தனார் என்றால் தேள் என்று தோழிகள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இவளோ தேனாக இருந்தாள். நகை நட்டு எதுவும் வேண்டாம், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்று வந்த உடனே சொல்லிவிட்டாள்.

அம்மா தேநீர் கொண்டுவந்தாள். மகளின் முகத்தை அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிரியப்போகிற துக்கம் என்று பெண் நினைத்துக்கொண்டாள்.

“தண்ணி எங்கேருந்தும்மா எடுக்கறீங்க?” என்று கேட்டாள் அக்கா.

“கிணறு வத்திப் போச்சுக்கா. மலைக்குப் பின்னாடி ஒரு ஊத்து இருக்கு. அங்கேருந்துதான்.”

“யாரு போவாங்க?”

“நான்தான். தங்கச்சி சின்னப் பொண்ணு.”

“ஒரு நாளைக்கு எத்தனை நடை?”

“விடியறதுக்குள்ள ஒண்ணு. வெயில் தாழ ஒண்ணு.”

“தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடமா?”

“தலையிலயே ரெண்டு வச்சுப்பேன். இடுப்புல இருக்கிறது தனி.” பெண்ணின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

அக்காவின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து பெண்ணின் பிடரியில் கைவைத்து அழுத்தினாள். காய்த்துப்போன விரல்கள்.

“வலிக்குதா?”

“இல்லக்கா.”

பெண்ணுக்கு ஏனோ மாட்டுச் சந்தை ஞாபகம் வந்தது. சீ, நல்ல மனுஷியைப் பற்றி இப்படி ஒரு நினைப்பா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

“கழுத்தை நீட்டப் போற பொண்ணு. கழுத்தைப் பார்த்துக்கறது நியாயந்தானே!” என்று தரகர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். மாப்பிள்ளையும் ஒப்புக்குச் சிரித்தான். அம்மா மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“நீங்க பேசி முடிங்க. நானும் இவளும் பின்னாடி இருக்கோம்” என்று அக்கா பெண்ணின் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

அங்கே நிழல் என்று சொல்ல ஒரு சாண் கூட இல்லை. காலிக் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. நட்டு வைத்த முருங்கை நின்ற வாக்கிலேயே காய்ந்திருந்தது. வீட்டின் பக்கவாட்டிலிருந்து தங்கை ஓடி வந்து “அக்கா!” என்று கத்தினாள்.

இரண்டு பேருமே திரும்பினார்கள். பெண் கழுத்தைத் திருப்பினாள். வந்திருந்த அக்கா உடம்பையே திருப்பினாள்.

“கழுத்துல என்னக்கா?” என்று பெண் கேட்டாள்.

“சுளுக்குன்னுதான் நினைச்சேன். டாக்டர் பார்த்துட்டு எலும்பு தேஞ்சு போச்சுன்னாரு. இனிமே தலையில ஒரு சொம்பு கூட வைக்கக் கூடாதாம்.” அவள் வெறிச்சோடிக் கிடந்த வயல் பக்கம் கைகாட்டினாள். “எங்க ஊரு இதை விட மோசம். முன்னெல்லாம் கூப்பிடு தூரத்துல தண்ணி இருந்துச்சு. இப்போ ஒவ்வொரு கோடைக்கும் அது தள்ளித் தள்ளிப் போகுது. போன கோடையில தண்ணிக்குப் போன ஒருத்தி வழியிலேயே சுருண்டு விழுந்துட்டா. குடம்தான் வீட்டுக்கு வந்துச்சு.”

அந்த விறைத்த கழுத்தைப் பார்க்கப் பெண்ணுக்குப் பாவமாக இருந்தது.

“இனிமே நீங்க ஒண்ணும் தூக்க வேண்டாம்க்கா. நான் வந்துட்டா நான் பார்த்துக்கறேன்.”

அவள் மனசாரத்தான் சொன்னாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உன்னை அடிக்க மாட்டேன். ஒரு சொல்லு கடிஞ்சு பேச மாட்டேன். அவருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இது சத்தியம்.”

இதற்கு எதற்குச் சத்தியம் என்று பெண்ணுக்குப் புரியவில்லை.

உள்ளே தரகரின் குரல் கேட்டது. “அப்போ பேச்சு முடிஞ்சுது. இன்னிக்கே கூட்டிட்டுப் போகட்டும். நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவானேன்?”

அம்மா சொன்னாள்: “சரி.”

பெண்ணுக்கு முகம் சூடேறியது. கூச்சத்தை மறைக்க ஏதாவது பேசியாக வேண்டும்போல இருந்தது.

“உங்க வீட்டுக்காரர் என்னக்கா பண்றாரு? அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

அக்கா அவளையே பார்த்தாள். பிடித்திருந்த கை மெல்ல நழுவியது.

“உள்ளதானேம்மா உட்கார்ந்திருக்காரு. ஏன், உங்கம்மா சொல்லலையா?”